ஆடியில் வந்த ஆற்றுத் திருவிழா

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும்போது, பிள்ளை எப்போது பிறந்தது என்று தலைமை ஆசிரியர் கேட்பார். கரும்பு வெட்டு முடிந்த கையோடு என்பார் ஒருவர். ஏரி உடைந்ததே, அதற்கு அடுத்த வாரம் என்பார் இன்னொருவர். தலைமை ஆசிரியர் பிள்ளையை மேலும் கீழும் பார்ப்பார். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். விரல் காதில் பட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று பொருள். ஐந்து வயது முடிந்த பிள்ளைக்குப் பிறந்த தேதி ஜூன் ஒன்று. அவர் பேனாவுக்கு வேறு தேதி தெரியாது.

எனக்கு ஜூலை இருபது. அப்பா ஒரு காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். அதில் அரசாங்க முத்திரை இருந்தது. பெண் குழந்தை என்றும் அப்பா பெயரும் அம்மா பெயரும் தேதியும் இருந்தன. குழந்தையின் பெயருக்கு விட்டிருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்தக் காலத்தில் பல சான்றிதழ்கள் அப்படித்தான் இருக்கும், பெயர் வைப்பதற்குள் காகிதம் வந்துவிடும். தலைமை ஆசிரியர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். என்னைக் காதைத் தொடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் கைக்குக் காது எட்டியிருக்காது. வகுப்பிலேயே நான்தான் குள்ளம். ஐந்து வருஷமும் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். அதை நான் ஒரு பதவியாகவே நினைத்திருந்தேன்.

ஆறாம் வகுப்புக்கு வந்தபோது சமூக அறிவியலுக்குப் புது டீச்சர் வந்தார். ரிஷிவந்தியத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பையில் ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். செய்தித்தாளில் வரும் 'இந்த நாளில்' பகுதியைப் பல வருஷமாக வெட்டி வெட்டி அதில் ஒட்டி வைத்திருந்தார். வருஷத்தின் எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று எந்த நாட்டில் எந்தப் போர் தொடங்கியது, எந்த விஞ்ஞானி பிறந்தார் என்று புரட்டிச் சொல்லிவிடுவார். எங்களுக்கு அது ஜோசியம் பார்ப்பதைவிட ஆச்சரியமாக இருந்தது.

அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். யாருக்குப் பிறந்த நாளோ அவர்கள் அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேடை ஏறி மூன்று விஷயங்கள் வாசிக்க வேண்டும். அந்தத் தேதியில் உலகத்தில் என்ன நடந்தது, அந்தத் தேதியில் எந்தப் பெரியவர் பிறந்தார், இந்த இரண்டையும் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். மூன்றாவதை வீட்டில் கேட்டு வர வேண்டும். நீ பிறந்த அன்று உன் ஊரில் என்ன நடந்தது? வரலாறு என்பது டெல்லியிலும் லண்டனிலும் மட்டும் நடப்பதில்லை என்று டீச்சர் சொன்னார்.

பள்ளி திறந்த முதல் நாளே திட்டம் படுத்துவிட்டது. ஜூன் ஒன்று விடுமுறையில் போய்விட்டதால் அன்று பிறந்தவர்கள் இப்போது மேடைக்கு வரலாம் என்று டீச்சர் அறிவித்தார். பாதிப் பள்ளிக்கூடம் எழுந்து வந்தது. மேடை கொள்ளாமல் பிள்ளைகள் கொடிக்கம்பம் வரைக்கும் நின்றார்கள். டீச்சர் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் வேப்ப மரத்தைப் பார்த்தார்.

அதனால் எனக்கு மவுசு கூடியது. எங்கள் வகுப்பில் முத்திரை குத்திய பிறந்த நாள் வைத்திருந்த மூன்று நான்கு பேரில் நானும் ஒருத்தி. டீச்சரின் நோட்டில் ஜூலை இருபதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனிதன் முதன்முதலாக நிலாவில் கால் வைத்த நாள் என்று போட்டிருந்தது. உலக சதுரங்க நாளும் அதுதான். பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பார்த்து, பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு என்னென்ன வந்து சேர்கிறது என்று கண்டுபிடித்த ஒரு துறவியும் அன்றுதான் பிறந்தாராம். ஒன்றரை மாதம் நான் நிலாவைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. ஜூன் ஒன்றுக்காரர்களைப் பார்த்து, உங்களுக்கெல்லாம் சார் போட்ட பிறந்த நாள், எனக்கு கவர்மெண்ட் போட்ட பிறந்த நாள் என்று சொல்லித் திரிந்தேன். நம் ஊர்க் கடிகாரப்படி அந்தக் கால் நிலாவில் பட்டது இருபத்தொன்றாம் தேதி காலையில் என்று பின்னாளில் படித்தேன். அந்த வயதில் தெரிந்திருந்தால் அதற்கே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

மூன்றாவது விஷயத்துக்காக அம்மாவிடம் போனேன். அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஜூலை இருபதாம் தேதி நம் ஊரில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். நான் மறுபடியும் கேட்ட பிறகு, தூறல் போட்டது என்றாள். வேறு என்ன என்றேன். "வேற இன்னா, தூறல் போட்டுது, அவ்ளோதான்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நிலாவுக்குப் பக்கத்தில் தூறலை வைத்து எப்படி வாசிப்பது? எனக்கு அவமானமாக இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்த அத்தையிடம் ஓடினேன். அப்பாவின் அக்கா. எதைக் கேட்டாலும் இரண்டு பங்காகச் சொல்வாள். நான் தேதியைச் சொல்லவில்லை, நான் பிறந்த அன்று ஊரில் என்ன நடந்தது என்றுதான் கேட்டேன். அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஆத்துத் திருவிழா அன்னிக்குத்தான்டி உன்னப் பெத்தா. சாமி ஆத்துல எறங்கிக்கினு இருக்குது, இவ வவுத்தப் புடிச்சிக்கினு மணல்ல குந்திட்டா. அந்தக் கூட்டத்துல நான்தான் கையத் தாங்கி இட்டுக்கினு போனேன்."

மணலூர்பேட்டையில் பெண்ணையாற்று மணலில் நடக்கும் அந்தத் திருவிழாவுக்கு நாங்கள் வருஷம் தவறாமல் போவோம். ஊர் ஊராகச் சாமிகள் வரும். ராட்டினம் வரும். கரும்பும் வளையலும் கொட்டிக் கிடக்கும். அப்படி ஒரு நாளில் நான் பிறந்திருக்கிறேன், அம்மா தூறல் என்று சொல்லி ஏமாற்றப் பார்த்தாளே என்று அவள்மேல் கோபம் வந்தது. தூறலை அடித்துவிட்டுத் திருவிழாவை எழுதினேன்.

இங்கே நீங்கள் சிரிக்கலாம். ஆற்றுத் திருவிழா தை மாதம் ஐந்தாம் நாள், பொங்கல் முடிந்து நடப்பது. ஜூலை இருபது என்றால் ஆடி. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் ஜூலை என்பது பள்ளிக்கூடத்து மாதம். தை என்பது வீட்டு மாதம். கரும்பலகையில் இருக்கும் மாதங்களும் அம்மா வாயில் இருக்கும் மாதங்களும் ஒரே வருஷத்துக்குள்தான் இருக்கின்றன என்று எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

அன்று தலைக்குக் குளித்து, பச்சை ரிப்பன் கட்டி, மேடை ஏறினேன். நிலாவை வாசித்தேன். சதுரங்கத்தையும் பட்டாணித் துறவியையும் வாசித்தேன். டீச்சர் சிரித்த முகமாக நின்றார். பிறகு குரலை உயர்த்தி, "நான் பிறந்த இதே நாளில் எங்கள் ஊரில் ஆற்றுத் திருவிழா சீரும் சிறப்புமாக நடைபெற்றது" என்று வாசித்தேன். கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

முதலில் எட்டாம் வகுப்பு வரிசையில் ஒருவன் சிரித்தான். ஆடி மாசத்தில் ஆற்றுத் திருவிழாவாம் என்று அவன் சொன்னது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. போன இடமெல்லாம் சிரிப்பு எழுந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள்கூட எதற்கு என்று தெரியாமல் சிரித்தன. நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். ஜூலையும் தையும் அதில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக என் கையெழுத்திலேயே இருந்தன. மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

தலைமை ஆசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். ஆறாம் வகுப்புப் படிக்கிறவளிடம் கேட்கும் கேள்வியா இது என்று எனக்கு அழுகை வந்தது. தொட்டேன். விரல் காதை நன்றாகவே பிடித்தது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. சாயங்காலம் அப்பாவை வந்து பார்க்கச் சொல் என்று அனுப்பினார்.

மதியமே வீட்டுக்கு ஓடிவிட்டேன். அம்மா வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். புத்தகப் பையை அவள் முன்னால் எறிந்து, நீ பொய் சொன்னாயா அத்தை பொய் சொன்னாளா என்று கத்தினேன். ஊரே சிரித்தது என்றேன். மழை பெய்ததா திருவிழா நடந்ததா, எது நிஜம் என்று கேட்டேன்.

அம்மா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டும் நெசந்தான். அந்தத் தேதியில தூறல் போட்டுது. ஆனா அன்னிக்குப் பொறந்தது நீ இல்ல."

கிணற்றில் இறங்கும்போது இருக்கும் என்று நம்பிக் கால் வைத்த படி இல்லாமல் போனதுபோல் இருந்தது. யார் பிறந்தது என்று கேட்டேன். உனக்கு முன்னால் ஒருத்தி என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். மீதியை அத்தைதான் சொன்னாள். அவளும் அன்று ஒரு பங்காகத்தான் சொன்னாள்.

என் அக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அதனால் அவளுக்குக் காகிதம் இருந்தது. அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது அப்பாவும் அம்மாவும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலைக்குக் கல்வராயன் மலைக்குப் போனார்கள். அங்கே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பஸ் போய்விட்டிருந்தது. தூக்கிக்கொண்டு நடந்தே இறங்கினார்கள். பாதி மலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அங்கேயே பாதையோரம் அடக்கம் செய்துவிட்டு இரண்டு பேரும் வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். அடுத்த தையில் நான் பிறந்தேன். நானாவது தங்க வேண்டும் என்று என்னைக் குப்பைமேட்டில் போட்டு முறத்தில் வாரி எடுத்தார்களாம். வீட்டில் என்னைக் குப்பு என்று கூப்பிடுவதற்கு அன்றுதான் காரணம் கிடைத்தது. நான் ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. ஆற்றங்கரையில் யார் வீட்டிலோ பிறந்தேன். எனக்குக் காகிதம் இல்லை.

நாலரை வயதில் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் விட்டால் மதியச் சோறும் உண்டு. காகிதம் இருந்தால்தான் காதைத் தொடச் சொல்ல மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். வீட்டில் இருந்தது ஒரே காகிதம். அப்பா அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் கேட்டு நான் அக்காவுக்காக அழுதேன் என்று எழுதத்தான் ஆசை. நான் அழுதது நிலாவுக்காக. அந்தத் தேதி என்னுடையது இல்லை, அதில் நடந்த எதுவும் என்னுடையது இல்லை. ஐந்து வருஷமாக இன்னொருத்தியின் பிறந்த நாளுக்குத்தான் சாக்லேட் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அதற்குள் எனக்கு 'ஆடிப் பொங்கல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் போனால் ஆடிப் பொங்கல் வருது என்றார்கள். சத்துணவுக்கு உட்கார்ந்தால் ஆடிப் பொங்கலுக்கு ஒரு கரண்டி ஜாஸ்தி போடுங்கள் என்றார்கள். தேதியை மாற்றாவிட்டால் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் போகவில்லை. அப்பா கெஞ்சினார்.

தலைமை ஆசிரியருக்கும் உள்ளூரப் பயம்தான். வயது குறைந்த பிள்ளையைச் சேர்த்ததற்குக் கேள்வி வந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? இப்போதே சரி செய்துவிட்டால் நல்லது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் பிறகு யாராலும் அசைக்க முடியாது என்று அப்பாவிடம் சொன்னார். முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, நடந்ததை எழுதி அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டு வாங்கி வரச் சொன்னார்.

மூன்று பேரும் போனோம். எனக்குப் பண்டிகைக்குப் போவதுபோல் இருந்தது. அலுவலர் வயது குறைந்தவர், பொறுமையானவர். அப்பா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூத்த குழந்தை இறந்ததைப் பதிவு செய்தீர்களா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். மலையில் யாரிடம் போய்ப் பதிவது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்கு விளக்கினார். அரசாங்கக் கணக்கில் மூத்தவள் உயிரோடு இருக்கிறாள். பதினொரு வயது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தப் பாப்பாதான் எந்தக் காகிதத்துலயும் இல்ல."

நான் என் கையைப் பார்த்தேன். மருதாணி வைத்த விரல்கள் இருந்தன. இருந்தும் பயம் போகவில்லை. நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, இல்லாத ஒருத்தியைப் பார்த்தா சிரித்தார்கள்?

அவர் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். எங்களுக்கு இன்ன தேதியில் பிறந்த மூத்த பெண் குழந்தை இன்ன இடத்தில் இறந்துவிட்டது என்று ஆரம்பித்து, என்னைப் பற்றிக் கீழே எழுதினார். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டார். "பாப்பான்னுதாங்க கூப்ட்டுக்கினு இருந்தோம்" என்றார் அப்பா. பெயரிடப்படாத என்று எழுதிக்கொண்டு முழுவதையும் ஒரு முறை வாசித்துக் காட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார். தாள் அம்மாவிடம் வந்தது.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். என் மதிப்பெண் அட்டையில் அவள்தான் போடுவாள். அன்று பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அப்பா மெதுவாகத் தோளைத் தொட்டார். அவள் அலுவலரைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்குறபடியே இருந்துட்டுப் போவட்டுமேங்க. அது பாட்டுக்குப் படிச்சிக்கினு இருக்குது. யாருக்கு இன்னா நஷ்டம்?"

அலுவலர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கே எல்லாம் கெட்டுப் போய்விடுமோ, மறுபடியும் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆடிப் பொங்கலாகப் போக வேண்டியிருக்குமோ என்று எனக்குப் பதைத்தது.

"செத்தது அவதானம்மா. நான் இல்லியே" என்றேன்.

அதைச் சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அம்மா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதிர்ந்து போன கண்கள். முதல் முறையாகக் கேள்விப்பட்டவள்போல இருந்தாள். பிறகு குனிந்து, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி அலுவலரிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

அப்பா நகல் எடுக்கக் கடைக்குப் போனார். நானும் அம்மாவும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி என் பிறந்த நாள் ஜனவரியில் வரும், டீச்சரின் நோட்டில் அந்தத் தேதிக்கு என்ன ஒட்டியிருக்கிறது என்று நாளைக்கே பார்க்க வேண்டும், நிலாவைவிடப் பெரிதாக ஏதாவது நடந்திருக்கும் என்று பேசிக்கொண்டே போனேன். அம்மா காதில் வாங்கவில்லை. கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு ஏதோ எண்ணினாள். என் பிறந்த நாளுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று பார்க்கிறாள் என நினைத்தேன்.

"பதினொண்ணு முடிஞ்சிருச்சி" என்றாள்.

"இல்லம்மா. ஒன்பதரைதான்" என்றேன்.

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். மறுபடியும் முதல் விரலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் ஓடி, அம்மாவுக்குக் கணக்கே வரவில்லை, இரண்டு தடவை எண்ணியும் தப்பாகவே சொல்கிறாள் என்று சொல்லிச் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.